படம் தெளிவாக இல்லை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்கும் அதே பேச்சு. “படம் தெளிவா இல்ல சாலிஹா, ஒரே மங்கலா இருக்கு.” சவூதி தம்மாமிலிருந்து மச்சான் வீடியோ காலில் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வைத்துவிட்டார். எச்.டி. படம் தடங்கலில்லாமல் ஓடும் என்று சொல்லித் தந்த இணைப்பு இது. புதுமடம் ஊரிலேயே எங்கள் வீட்டில்தான் பெரிய பிளான் என்று பெருமை வேறு.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி எங்கள் மகள் மர்வாவுக்கு நிக்காஹ். மச்சானுக்குக் கம்பெனி லீவு தரவில்லையாம். பெற்ற தகப்பன் மகளின் நிக்காஹை லைவில் பார்க்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. அதையாவது முகம் தெரிகிற மாதிரி காட்ட வேண்டாமா?

தப்பு என்னுடையதுதான். இணைப்புக் கொடுக்க வந்த உச்சிப்புளி மருதுபாண்டியை முன்கட்டைத் தாண்ட விடவில்லை. பெண்கள் புழங்கும் உள்கட்டுக்குள் வெளி ஆம்பளை எப்படி வருவது? வைஃபை பெட்டி வாசல் அறையிலேயே மாட்டப்பட்டது. மணப்பெண் உட்காரப்போவதோ உள்கட்டில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மருதுபாண்டி வந்தான். வாசலில் நின்றே தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா, நடுவுல மூணு சொவரு. ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி. வைஃபை என்ன ஜின் பூதமா, தொளைச்சுக்கிட்டு வர? நான் உள்ள வாரேன், அஞ்சு நிமிசத்துல மாட்டிட்டுப் போறேன்.”

விடவில்லை. இன்னொரு பெட்டியையும் நீள வயரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் தெருவில் நின்று போனில் சொல்லச் சொல்ல, நானும் மர்வாவும் ஜன்னல் ஜன்னலாக வயரை இழுத்து உள்கட்டில் மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்ததும் மர்வா கை தட்டினாள். என் முட்டி இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 8

மங்கல்தானாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மர்வா சார்ஜாவில் இருக்கும் தோழி மஜீதாவுக்கு உள்கட்டிலிருந்தே கால் போட்டாள். “மூக்குல இருக்குற பரு வரைக்கும் தெரியுதுடி” என்று அவள் சிரித்தாள். அப்படியென்றால் கோளாறு தம்மாமில்தான்.

மச்சான் லைனில் வந்ததும் கத்திவிட்டேன். “உங்க நெட்ட மாத்துங்க, போன மாத்துங்க. இங்கன நாங்க செத்துச் சுண்ணாம்பாகுறோம்.” “சரி புள்ள, மாத்துறேன்” என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

“இப்ப நல்லாருக்கு சாலிஹா. கண்ணாடி மாதிரி இருக்கு.”

அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்தேன். மர்வா உடனே ஓடிப்போய்க் கல்யாணச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “வாப்பா, சேலை எப்படி இருக்கு?”

“மாஷா அல்லாஹ்! ராணி மாதிரி இருக்கம்மா. கரை எடுப்பா இருக்கு.”

மர்வா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சேலையை எடுக்கும் அவசரத்தில் போனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டிருந்தோம். தம்மாமுக்குப் போய்க்கொண்டிருந்தது சுற்றுகிற ஃபேன் மட்டும்.

அவர் இன்னும் சேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20

மச்சானோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நம் ஊர் சதக்கைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினார். நான் அழுததும் உடைந்துவிட்டார்.

“மதினி, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. சுகரு. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணுல நெழலு மாதிரிதான் தெரியும். இனிமே திரும்பாதுன்னுட்டாங்க. நாலு மாசமா நான்தான் கால் போட்டுக் குடுக்குறேன்.”

லீவு?

“லீவு குடுத்துட்டாங்க மதினி. இவருதான் வேணாம்னுட்டாரு. நிக்காஹ் சபையில பொண்ணக் குடுக்குற வாப்பா மாப்பிள்ளை கையப் புடிக்கணும்ல. ‘அத்தன பேரு முன்னாடி அந்தக் கையத் தடவித் தேடச் சொல்றியா’ன்னு கேட்டாரு.”

பதினேழு நாளாகச் சுவரைத் திட்டினேன், வயரைத் திட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேனா? போன மாத்துங்கன்னு கத்துனேன். யா அல்லாஹ், கண்ணு தெரியாத மனுசன்கிட்ட போன மாத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மர்வா பிடிவாதமாக நிற்கிறாள். “தடவித் தேடட்டும்மா. யாரு சிரிப்பா? வரச் சொல்லு.” சொல்லத்தான் முந்தாநாள் கால் போட்டேன். எடுத்ததுமே, “படம் சூப்பரா இருக்கு” என்றார். அவ்வளவு உற்சாகமான குரல். அவரிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு பொய்தான். அதையும் பிடுங்க எனக்குத் துணிவு வரவில்லை. மர்வா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 5

மர்வாவைக் கொடுக்கும் பொறுப்பை மச்சான் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார். எல்லாம் போனிலேயே முடிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. முன்கட்டில் ஆண்கள் சபை, அங்கே ஒரு கேமரா. உள்கட்டுக்கு ராமநாதபுரத்திலிருந்து கோகிலா என்ற பெண் கேமராவோடு வந்திருந்தாள். “லைவ் ஒரு எடத்துலகூட சுத்தல அக்கா, ஃபுல் எச்.டி.” என்றாள். நான் தலையாட்டினேன்.

நான் இன்னொரு போனைக் காதில் வைத்தபடி மூலையில் நின்றிருந்தேன். மச்சானின் பேச்சுக்குப் பின்னால் சதக்கின் தாழ்ந்த குரல் கேட்டது. “ஹஜ்ரத் ஓதுறாரு... மாப்பிள்ளை கையெழுத்துப் போடுறாரு...” அதையே மச்சான் தான் கண்டது போல எனக்குச் சொல்வார். நானும் ஆமா மச்சான், ஆமா மச்சான் என்றேன்.

பிறகு அங்கே ஹாரன் சத்தம். “டூட்டி வேன் வந்துருச்சு, போயிட்டு வாரேன்” என்று சதக் சொன்னது தெளிவாகக் கேட்டது. கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

வெகுநேரம் மச்சான் பேசவில்லை. சபையில் எல்லோரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள். மர்வா குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கோகிலா காலி நாற்காலியைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

“சாலிஹா,” என்றார், “இப்ப என்ன நடக்குது?”

“மர்வா உங்களப் பாத்து சலாம் சொல்லுது மச்சான்.”

“வ அலைக்கும் ஸலாம் மகளே” என்று சத்தமாகச் சொன்னார். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.