ஜன்னலுக்கு நேரே ட்ரான்ஸ்பார்மர்

தென்காசி, 1980

ஜூன் 18
இவர் வாசகசாலையில் எதையோ படித்துவிட்டு முகம் வெளிறி வந்தார். அமெரிக்காவில் மின்கம்பிக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலாம். சந்தேகம்தான், உறுதியில்லை என்றும் போட்டிருந்ததாம். அதை இவர் எங்கே கவனித்தார்? எங்கள் ஜன்னலுக்கு நேரே ட்ரான்ஸ்பார்மர். எங்கள் மகள் குழல்வாய்மொழி பிறந்து மூன்று வருஷமாய் அங்கேதான் தூங்குகிறாள்.

ஜூன் 20
என் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை வாங்கி, கரண்டின் காந்தம் எங்கே இழுக்கிறதென்று வீடெல்லாம் பிடித்துப் பார்த்தார். முள் இரும்பு பீரோவைக் காட்டியது. பீரோ இப்போது மாட்டுத் தொழுவத்தில். சேலை எடுக்க மாட்டை நகர்த்த வேண்டும். என் தலையெழுத்து.

ஜூன் 29
நல்ல சாரல். உடம்பில் ஏறின கரண்டை இறக்கக் குற்றாலத்துக்குப் போனோம்.
"அருவித் தண்ணி பட்டா எர்த் ஆயிரும்ட்டி" என்கிறார். பி.எஸ்ஸி. படித்த மனுஷன்! பிள்ளை விறைத்துப்போய் அழுதாள்.

ஜூலை 1
காய்ச்சல்.

ஜூலை 3
இன்னும் விடல. முழங்கால்ல நீலமா ஒரு தடம் — எப்ப விழுந்தா? விழுந்தாளா? ரத்தப் புற்றுநோய்க்கும் இப்படித்தான் தடம் வருமாமே. இவரைக் கேலி பண்ணின வாய் எனக்கு. தாயே, எம்பிள்ளைய விட்டுரு.

ஜூலை 7
ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. வெறும் சளிக் காய்ச்சல். எந்த மடையன் இவளை அருவியில் நிறுத்தினான் என்று டாக்டர் கேட்டார். நான் இவரைக் காட்டினேன். வெளியே வந்து இரண்டு பேரும் அழுதோம்.

ஜூலை 9
அப்படியும் பயம் போகவில்லை. ட்ரான்ஸ்பார்மரைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கரண்ட் ஆபீசுக்கு நானே போனேன். தெருக்கோடிக்காரர்கள் வோல்டேஜ் பத்தவில்லை, எங்கள் பக்கம் வை என்று கேட்கிறார்கள். தள்ளி வை என்று கேட்பது நீங்கள் மட்டும்தான் என்று இன்ஜினியர் சிரித்தார். நிஜக் காரணம் சொல்ல வெட்கம். இரைச்சலில் தூக்கமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22
நகர்த்திவிட்டார்கள். மூவரும் நன்றாகத் தூங்கினோம்.

ஆகஸ்ட் 23
தெருக்கோடித் தங்கத்தாய் அல்வாவோடு வந்தாள். எட்டு மாசம் அவளுக்கு. ட்ரான்ஸ்பார்மர் இப்போது அவள் ஜன்னலுக்கு நேரே.
"உங்களாலதான்க்கா. இனிமே ஃபேன் நல்லா சுத்தும். தொட்டில அந்த ஜன்னல்கிட்டதான் கட்டப்போறோம்."
இவர் என்னைப் பார்த்தார். சொன்னால் சிரிப்பாளா, பயப்படுவாளா? பயந்து, அதைத் திரும்ப இங்கேயே கொண்டுவரச் சொல்லிவிட்டால்?
"கட்டு தாயி, நல்லா காத்து வரும்" என்றேன்.