நோ அப்ஜெக்ஷனும் உன் அம்மாவும்

சேசு மரி சூசை துணை

கோவில்பட்டி
26.11.1979

அன்புள்ள மகன் ராயப்பனுக்கு,

அப்பா பாக்கியசாமி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி சந்தனமேரியும் நல்ல சுகம், பிலாய் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலையில் உன் பெயரைச் சொல்லாமல் நாங்கள் படுப்பதில்லை. மழை இந்த வருஷம் மோசமில்லை, இடைசெவலில் நம் காட்டில் பருத்தியும் உளுந்தும் பார்க்கிற மாதிரி நிற்கின்றன, கரிசல்தான் ஈரம் குடித்து ஆளை விடமாட்டேன் என்கிறது, போன வாரம் என் ஒற்றைச் செருப்பை அதற்கே கொடுத்துவிட்டு வந்தேன். சந்தனமேரி டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதப் போகிறாள், சோற்றுத் தட்டைக்கூட விடாமல் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். நீ கேட்ட விஷயத்துக்கு ஒரு கார்டில் விவரம் பின்னால் என்று மட்டும் எழுதிப் போட்டதில் உனக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும், விவரம் எனக்கே நேற்றுத்தான் கிடைத்தது.

உன் கடிதத்தில் வேலை, ரூம், கேண்டீன் சாம்பார் வரை எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டு, அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ஜோஜம்மாவைக் கட்டிக்கொள்ள விருப்பம், குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண், நம் வேதம்தான் என்று சொன்ன கையோடு, இப் யூ அண்ட் அம்மா ஹேவ் நோ அப்ஜெக்ஷன் என்று இங்கிலீஷுக்குத் தாவிவிட்டாய். நீ எட்டாம் வகுப்பில் பெயிலானபோதும் என்னிடம் இங்கிலீஷில்தான் சொன்னாய். கூச்சம் வந்தால் உனக்கு அந்தப் பாஷை வந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் மகனே, அந்த வார்த்தையை இந்த ஊரில் நான் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். மில் டைம் ஆபீசில் லீவு லெட்டர் மேல் மானேஜர் நோ அப்ஜெக்ஷன் என்று எழுதினால், போ, திரும்பி வந்ததும் இருக்கிறது உனக்கு என்று அர்த்தம். நம் கிழக்குச் சுவரில் ஜன்னல் வைக்கும்போது அடுத்த வீட்டு ஜாபர் அலி அண்ணாச்சியைக் கேட்டேன், நமக்கு நோ அப்ஜெக்ஷன் அண்ணாச்சி, தாராளமா வைங்க என்றார், வைத்த மறுவாரம் அதற்கு நேரே கடை எண்ணெய் டின்களை அடுக்கிவிட்டார், இன்றைக்கும் காற்று வேண்டுமென்று திறந்தால் டின்தான் தெரிகிறது. மற்றபடி தங்கமான மனுஷர். சந்தனமேரியைப் பார்க்க வந்தவர்களும் எங்களுக்கு நோ அப்ஜெக்ஷன் என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அதனால் யாராவது அதைச் சொன்னால் நான் வாயைக் கவனிப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன்.

உன் அம்மாவுக்கு அந்த வரியைப் படித்து, தடை சொல்ல ஒன்றும் இல்லையே என்று கேட்கிறான் என்று விளக்கினேன். எனக்கு என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல, எழுதுங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு பாத்திரம் கழுவிய சத்தத்தைக் கேட்டுப் பூனை வெளியே ஓடியது. இதை நம்பி உனக்கு நான் எப்படி எழுதுவது? யோவான் மாமா மகளை நீ கட்டவில்லையே என்ற வருத்தமோ என்று நினைத்தேன், அது இல்லை. ரெண்டு நாள் கழித்து அவளாகவே சொன்னாள், அவ வந்து இங்கன நின்னா நான் அவகிட்ட என்னத்தைப் பேச, ஒவ்வொண்ணுக்கும் இவன் நடுவுல நின்னு எடுத்துச் சொல்லணுமா, பெறகு இவனும் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிருவாம்லா என்று. எனக்கு உன் விருப்பம்தான், ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபின் அவளுக்கும் சேர்த்து என் கையால் சரி என்று எழுத மனசு வரவில்லை.

இதற்குள் உங்கள் பங்குச் சாமியாரிடமிருந்து நம் சாமியாருக்குக் கடிதம் வந்துவிட்டது. பிறந்த ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் நம்மில் கல்யாணம் ஏது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று அவர் வாசிப்பார், நாலு பேர் இருமுவார்கள், அடுத்த ஓலைக்குப் போய்விடுவார். யாரும் வாய் திறந்ததாக என் காலத்தில் இல்லை. முதல் ஞாயிறு உன் பெயரும் ஜோஜம்மா பெயரும் வாசித்தபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், வெளியே பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டதற்கு, அவன் இஷ்டம் என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் ஞாயிறு முழங்கால் வலி, பூசைக்கு வரவில்லை என்றாள். நாங்கள் திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, பஸ் ஏறிக் காட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை களை எடுப்பது பாவம் என்று ஊருக்கே சொல்கிறவள்.

நேற்று மூன்றாம் ஓலை. அம்மா சந்தனமேரிக்கு முன்னால் கிளம்பி, பெட்டியில் இருந்த பட்டுச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். சாமியார் வாசித்து முடித்துத் தாளைத் திருப்பும்போது பெண்கள் பக்கம் ஒரு ஆள் எழுந்திருக்கிறது, பார்த்தால் உன் அம்மா. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு, சாமி, நான் பையனோட அம்மா, தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு வாரமாக் கேக்குதீங்க, இல்லன்னா சொல்ல வேண்டாமா, சும்மா இருக்கதை ஆளாளுக்கு எப்படி வேணா எடுத்துக்கிடலாம்லா, எனக்குச் சம்மதம், மனசாரச் சம்மதம், அதைச் சொல்லத்தான் எந்திச்சேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரொம்ப நல்லதும்மா என்றார். பிறகுதான் பெண்கள் பக்கம் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. நான் தூணைப் பார்த்துக்கொண்டு அழுதேன், உன்னிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

வீட்டுக்கு நடக்கும்போது, போன ஞாயிறு காட்டுக்கு எதற்குப் போனாய் என்று கேட்டேன். களை எடுக்கப் போகலை, தெலுங்கு கேக்கப் போனேன் என்றாள். நம் காட்டுக்கு அடுத்த காடு பெத்தம்மாளுடையது, அவர்கள் வீட்டில் தெலுங்குதான் என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருசமா வரப்புல நின்னு அவியள் பேசுததைக் கேட்டிருக்கேன், பாதி புரியவும் செய்யுது, வாயைத் தெறந்து சொல்லிப் பாத்ததுதான் இல்ல என்றாள். பெத்தம்மாளை உட்கார வைத்து, வா, இரு, சாப்பிட்டியா, தலை வலிக்கா, ஏன் மூஞ்சி வாடியிருக்கு என்பதெல்லாம் எப்படி என்று கேட்டு வந்திருக்கிறாள். அந்த நேரமே மனசு தெளிந்துவிட்டதாம், எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. வாசலில் ஜாபர் அலி அண்ணாச்சி சேதி கேட்டுக் கல்கண்டு கொண்டுவந்து நிற்கிறார், நிக்காஹ்ல பொண்ணைத்தான் வாய் திறந்து சம்மதம் சொல்லச் சொல்லுவோம், இங்க மாப்பிள்ளைக்கு அம்மாவா என்று சிரித்தார். இன்று காலை டின்களை வேறு பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறார், நான் கேட்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் முதல் வரியில் நோ அப்ஜெக்ஷன் என்று பெரிதாக எழுதலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, அந்த ஜன்னல் வார்த்தையை எழுதாதீங்க, தமிழ்ல எழுதுங்க என்றாள். அதனால் தமிழில் எழுதுகிறேன், எங்கள் இருவருக்கும் சம்மதம். பொங்கல் கழித்துக் குண்டூரில் கல்யாணம் என்றால் நாங்கள் மூவரும் வருகிறோம், நாளைக் குறித்து உடனே எழுது. ஷிப்டுக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரம் சொல்.

ஆண்டவர் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்து நடத்துவாராக. ஒன்றை மறந்துவிடாதே. கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே ரயிலைவிட்டு இறங்கியதும் உன் அம்மா ஜோஜம்மாவிடம், அன்னம் திண்டிவா என்று கேட்பாள். சாப்பிட்டியா என்பதற்கு அது நம் பருத்திக்காட்டுத் தெலுங்கு, குண்டூரில் வேறு மாதிரி சொல்வார்களோ என்னவோ, நீ நடுவில் புகுந்து திருத்தாதே, எடுத்தும் சொல்லாதே. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். வழியெல்லாம் சாப்பிட்டு வந்திருந்தாலும், இல்லை அத்தை, இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லச் சொல்.

உன் அப்பா,
ச. பாக்கியசாமி