‘அசாசின்’ என்று எழுதியதற்காகக் கூண்டில் நின்றேன்

என் அருமை அண்ணே,

நேற்று சிவகங்கை கோர்ட்டில் சாட்சி சொன்னேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று பயந்தே உனக்கு எழுதாமல் இருந்தேன். வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்மாயில் மண் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி நீ மனுக் கொடுத்தாய். மானகிரி விலக்கு ஸ்டாப்பில் காலை பஸ்ஸுக்கு நின்ற உன்னை, பைக்கில் வந்த இரண்டு பேர் வெட்டிப்போட்டுப் போனார்கள். அந்த வாரமே போலீஸ் மேலதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் அனுப்பினேன். அதில் அவர்களை ‘அசாசின்’ என்று எழுதியிருந்தேன். கொலைகாரனுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொல் இருக்கிறது. ஏன் அது கைக்கு வந்தது?

எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க இங்கிலீசு டீச்சர்தானே? அசாசின்னா என்ன அர்த்தம்?”

“பெரிய புள்ளிகளத் திட்டம் போட்டுக் கொல்றவுக. அரசியலுக்கும் செய்வாக, கூலிக்கும் செய்வாக.”

“அப்ப உங்க அண்ணன் எந்த ஊரு மந்திரி? தரைக்குக் கல்லு பதிக்கிற கொத்தனார்தானே?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

“அது அரபுல இருந்து வந்த சொல்லுங்கய்யா. சிரியா நாட்டு மலைக்கோட்டையில இருந்த ஒரு கூட்டத்த, ஆகாதவுக கஞ்சாக்காரங்கன்னு ஏசுன பேரு. நெசமாவே குடிச்சாகளான்னு யாருக்கும் தெரியாது. அந்த ஏச்சு ஐரோப்பாவுக்குப் போயி கொலைகாரன்னு ஆயிருச்சு.”

“பாடம் வேணாம். உங்க அண்ணன் பெரிய புள்ளியா, இல்லையா?”

“மந்திரி இல்லங்கய்யா. ஆனா மூணு நாளா அந்த விலக்குல ரெண்டு பேரு காத்துக் கெடந்தாகன்னு டீக்கடைக்காரரு சொன்னாரு. சாதாரண ஆளுக்கா அப்புடிக் காத்துக் கெடப்பாக?”

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். சொன்னதை அப்படியே டைப் அடிக்கச் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் காரைக்குடி வரை ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது: “அந்த இங்கிலீசு வார்த்தைக்கு நம்ம பேச்சுல என்னத்தா?”

“கொலைகாரப் பயலுக.”

“அதுக்கா இம்புட்டுப் படிச்ச?”

அதற்குத்தானா, அண்ணே? உனக்குத் தெரியுமா?

தீர்ப்புக்கு இன்னும் நாளாகும். அடுத்த வாய்தாவில் மதினியின் முறை. அன்று காலை நீ மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவர் அவர்தானே? எல்லாவற்றையும் பார்த்தவர். இன்று மாவாட்டிக்கொண்டே கேட்டார்: “செல்வி, சொல்லும்போது அழுதுட்டா தப்பா நெனப்பாகளா?”

“அழுதுருங்க மதினி,” என்றேன். “எனக்குத்தான் வர மாட்டேங்குது.”

கையெல்லாம் மாவோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் எனக்கு வரவில்லை, அண்ணே. அவரைக் கூண்டு வரைக்கும் நான் கூட்டிப்போவேன். இறங்கி வரும்போதும் அங்கேயே நிற்பேன்.

உன் தங்கச்சி,
செல்வி