ஏலத்தில் எடுத்த அறை

கிழக்குத் தாம்பரம்,
நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள மகன் ஷெர்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் ஜெரூஷாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரியும், தினமும்தான் ஸ்டேட்டஸில் பார்க்கிறேனே. இதை ஏன் பேப்பரில் எழுதி கனடாவுக்குக் கூரியர் போடுகிறாள் இந்தக் கிழவி என்று யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், போனில் சொன்னால் மீட்டிங் இருக்கும்மா என்பாய். ஊர்ப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்த டீச்சர் நான், உனக்கு நீல மையில்தான் எழுதுகிறேன், அந்த மரியாதையாவது இருக்கட்டும். உட்கார்ந்து படி.

மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் பக்கம் வழக்கம்போல ரோடு எது ஏரி எது என்று தெரியவில்லை, பால்காரர் இரண்டு நாளாக வரவில்லை, ஹெப்சி சித்தி வீட்டில் இன்வெர்ட்டர் புகைந்துவிட்டது. அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது ஜெர்சன் மாமாவைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதே, இங்கிருந்தே தெரிகிறது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் வெளிநாடு போனதிலிருந்து உனக்கு மறதி ஜாஸ்தி, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவன் என் கூடப்பிறந்த ஒரே தம்பி. இருபது வருஷத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவன். மேலே பனிமலையில் காவலுக்கு நின்ற காலத்தில் பனி சரிந்து அவர்கள் கூடாரத்தை மூடிவிட்டது. வாசல் ஓரம் படுத்திருந்த இவனை மட்டும் தோண்டி எடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தட்டிக்கொண்டே இருந்தது இவனுக்குக் கேட்டதாம், அப்புறம் கேட்கவில்லையாம். அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் அவனால் கண்மூட முடியாது. இருட்டினால் எழுந்து நடப்பான், யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவான். பகலில் தங்கமான மனுஷன், உன்னைக் காலேஜில் சேர்க்க மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தவன் அவன்தான், உங்கப்பா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பென்ஷன் வருகிறது, காசில்லாமல் அவன் தெருவில் நிற்கவில்லை, அதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள். சேலையூரில் ஒரு வீடு பார்த்தோம், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தோம். பட்டாளத்துக்காரர் என்றதும் ரொம்ப சந்தோஷம் சார் என்று கை கொடுப்பார்கள், ஒரு மாதம் போனதும் ராத்திரியில் கத்துகிறார், பெண்பிள்ளைகள் இருக்கிற இடம் என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துப் பெட்டியை வெளியே வைத்துவிடுவார்கள். வாடகை கொடுக்க ஆள் இருக்கிறான், வாங்கத்தான் ஆள் இல்லை. என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். நான் இருப்பதே இன்னொருவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷன். அவரை அனுப்புங்க டீச்சர், இல்லேன்னா நீங்களும் சேர்ந்து கெளம்புங்க என்றார் வீட்டுக்காரர். பீர்க்கன்கரணையில் உன் பிளாட் வாங்கின நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, அதைத் தா என்று உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? யாரும் குடிபோகாத புது வீடுன்னாத்தாம்மா நல்ல ரேட்டுக்குப் போகும், மாமாவுக்கு ஒரு பெர்மனென்ட் சொல்யூஷன் யோசிப்போம், டெம்பரரியா எதையாவது பண்ணினா அதுவே நிலைச்சிடும் என்றாய். ஏன்டா, நிலைத்துவிடும் என்றுதானே பயம் உனக்கு? பின்னே பெர்மனென்ட் என்று வாய் கிழியப் பேசினது எதை?

அப்புறம்தான் நம் ஆலயத்தில், காணிக்கையாக வருகிறதையெல்லாம் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை வந்தது. சபைச் செயலாளர் வேதசிரோமணி எப்போதுமே எதையாவது பெரிதாகச் செய்து பேர் வாங்க வேண்டும் என்று அலைகிறவர். ஷாமியானாவும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த பின்பக்க அறைக்கு வெள்ளையடித்து, வீடில்லாத முன்னாள் படைவீரருக்கு நிரந்தர இல்லம் என்று அறிவித்து, அதை யார் பேரில் வைப்பது என்று ஏலத்தில் விட்டார். கோழி ஏலம் போனது, கேக் ஏலம் போனது, பலாப்பழம் மேடையில் காத்திருந்தது, அதன் பக்கத்தில் இல்லத்தின் பேர் எழுதின போர்டுக்கு முன்னால் உன் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி நிற்க வைத்திருந்தார்கள். எல்லையில அவங்க முழிச்சிருக்கிறதாலதான் நாம இங்க நிம்மதியாத் தூங்குறோம் என்று வேதசிரோமணி மைக்கில் குரல் தழுதழுக்கப் பேசினார். நீ வீடியோ காலில் வந்தாய். மாடம்பாக்கம் பல் டாக்டருக்கும் உனக்கும் போட்டி. ஒரு தரம், ரெண்டு தரம் என்று வேதசிரோமணி இழுக்க இழுக்க நீ ஏற்றிக்கொண்டே போனாய், சபையே கைதட்டியது, பெண்கள் பக்கத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் போனுக்குள்ளிருந்து நீ சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. மாமா போர்டை மறைக்கிறாரு, கொஞ்சம் நகரச் சொல்லுங்க என்றாய். அவன் அட்டென்ஷனில் நின்றபடியே ஒரு எட்டு நகர்ந்தான், ஷெர்வின். நீ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டாய். மறுவாரமே கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்தில் கல்வெட்டு வந்தது, முன்னாள் படைவீரர் இல்லம், ஷெர்வின் ஜெரூஷா குடும்பத்தாரின் அன்புக் காணிக்கை என்று. அவன் பேர் அதில் எங்கேயும் இல்லை. ஸ்தோத்திர ஆராதனை நடத்தி, கேக் வெட்டி, பிரியாணி போட்டு முடித்தார்கள், அந்த மனுஷன் அந்த அறையில் ஒரு ராத்திரியாவது படுத்துப் பார்க்கட்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

படுக்கப் போனான், நடந்தான். காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லையில் முழித்திருந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு, ஜன்னலுக்கு வெளியே முழித்திருந்தால் தூக்கம் வரவில்லை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், அவருடைய பாதுகாப்புக்குத்தானே என்று அறையை வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். பனியில் மூடிக்கிடந்தவனை இரும்புக் கதவுக்குள் வைத்துத் தாழ் போடுகிற புத்தி ஜெபக் கூட்டம் முடித்துப் போகிறவர்களுக்குத்தான் வரும். தோளால் இடித்து இடித்துக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறான், தோள் வீங்கிக் கை தூக்க முடியவில்லை. காலையில் கமிட்டி கூடி, ஆள் முரடு, சபைச் சொத்துக்குச் சேதம் என்று முடிவு பண்ணி கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொன்னார்கள், நீ கைகூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினாயாம், வேதசிரோமணி என்னிடமே காட்டினார். உனக்கு வெட்கமே இல்லையா?

தாம்பரம் ஸ்டேஷனில் படிக்கட்டுக்குக் கீழே கண்டுபிடித்தேன். பகலில் ஜனம் நடமாடுகிற சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் வருமாம். அந்தப் பொன்னாடையை விரித்துப் படுத்திருந்தான், சரிகை கன்னத்தை வரிவரியாகக் கீறியிருந்தது, மழைத் தண்ணீர் முதுகுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் போர்த்திவிடுகிறார்களே அந்தச் சனியன், குளிருக்கும் ஆகாது மழைக்கும் ஆகாது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, ஷெர்வின் சுகமா இருக்கானாக்கா என்றான். அங்கேயே நின்று உனக்குப் போன் பண்ணினேன். நீ ஏதோ ஒரு ஹோமின் லிங்க் அனுப்பினாய். படித்தேன். சத்தம் போடக் கூடாது, ஒன்பது மணிக்குத் தூங்கிவிட வேண்டும், குணமாகிவிட்டார் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும், அப்புறம் கட்டில் தருவார்களாம். குணமானால்தான் வீடு என்கிறீர்கள் நீங்கள் எல்லாரும், ஈரத் தரையில் படுத்துக்கொண்டே எவனாவது குணமாகியிருக்கிறானா? முதலில் யாரும் துரத்த முடியாத ஓர் இடம், அப்புறம்தான் மாத்திரை, அப்புறம்தான் மற்றதெல்லாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

அதனால் நான் என்ன பண்ணினேன் என்று இப்போது கேள். தூசி தட்டுவதற்கு என்று நீ என்னிடம் கொடுத்து வைத்த சாவி இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மூன்றாவது மாடிக்கு ஏறி, உன் பிளாட்டைத் திறந்து அவனைக் குடிவைத்துவிட்டேன். ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளே இருந்த கதவுகளையெல்லாம் கீலோடு கழற்றச் சொன்னேன். ஆமாம், பர்மாவிலிருந்து வந்தது என்று பீற்றிக்கொள்வாயே, அந்தத் தேக்குக் கதவுகள்தான். மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஓரத்தில் கொஞ்சம் உப்பிவிட்டது, மழைக்கு நான் என்ன பண்ண முடியும். வாசல் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் மட்டும் இல்லை. கூடத்தில் வாசலைப் பார்த்துத் தலைவைத்துப் படுக்கிறான். முழுசாகக் குணமாகிவிட்டான் என்று பொய் எழுத மாட்டேன். ஒரு நாள் தூங்குகிறான், இரண்டு நாள் நடக்கிறான். முன்னாள் ராணுவத்தாருக்கான பாலிகிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தோளையும் பார்த்தார்கள். அட்ரஸ் என்ன என்று நர்ஸ் கேட்டபோது இவன் நிமிர்ந்து உட்கார்ந்து பிளாட் நம்பரோடு சொன்னான். கீழ் வீட்டு சம்பத், அந்த இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், அசோசியேஷனுக்கும் அவர்தான் தலைவர், மறுநாளே வந்து, இன்னா டீச்சர், உங்க தம்பி ராத்திரி பூரா மேல நடந்துகினே கீறாரு, ஒரே பேஜாரா கீது என்றார். உங்க வீட்டு நாய் ரெண்டும் விடிய விடியக் குரைக்குது, அதுக்குப் பிஸ்கட் போடுறீங்க, இது மனுஷன் என்றேன். முகம் கறுத்துப் போனார். சாயங்காலம் ஒரு பழைய ஜமக்காளத்தைத் தூக்கி வந்து, இத்த கூடத்துல விரிச்சிக்க சொல்லுங்க, காலடி சத்தம் கீழ கேக்காது என்று போட்டுவிட்டுப் போனார். இப்போது அதன்மேல்தான் நடக்கிறான். பிள்ளைகள் பனியில் குகை தோண்டி உள்ளே உட்கார்ந்திருக்கிற வீடியோ அனுப்பினாயே, அதை மட்டும் இனி குடும்ப குரூப்பில் போடாதே. பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனவனை வண்டலூரில் போய்ப் பிடித்தோம்.

இன்னொன்று. அந்தக் கல்வெட்டையும் வாங்கிவந்துவிட்டேன். சபைச் சொத்து, தர முடியாது என்றார் வேதசிரோமணி. படைவீரரைத் துரத்திவிட்டுப் படைவீரர் இல்லம் என்று ஆலயத்துச் சுவரில் பொய் எழுதி வைப்பீரோ, வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் நானே எழுந்து சொல்லட்டுமா என்றேன். அன்று மாலையே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கொத்தனாரை விட்டு உன் பிளாட் வாசலில் பதித்துவிட்டேன், நான்கு மூலையும் சிமெண்ட் வைத்து, பெயர்த்தால் சுவரோடுதான் வரும். உன் பேர் பளிச்சென்று தெரிகிறது, இப்போது மறைக்கிறதற்கு யாரும் இல்லை. நீ அனுப்பின புரோக்கர் வாங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், கல்லைப் படித்துவிட்டு இது ஏதோ டிரஸ்ட் சொத்து போல என்று திரும்பிப் போனார்கள். கோபம் வருகிறதா, வரட்டும். வீடு உன் பேரில் இருக்கிறது, வந்து தாராளமாக அவனை வெளியே போகச் சொல்லலாம். மாமா, கொஞ்சம் நகருங்க என்று சொன்னால் போதும், இந்த முறையும் நகர்ந்துவிடுவான். ஆனால் போனில் சொல்லக் கூடாது, எதிரில் நின்று சொல்ல வேண்டும்.

ஜெரூஷா வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், பெரியவனுக்குத் தமிழ் எழுத்து மறக்காமல் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, வீடு என்று நான் சொல்வது அங்கே நீங்கள் இருக்கிற வீட்டை. வரும்போது மாமாவுக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கி வா, மறந்துவிடாதே, சரிகை வைத்தது வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வந்தால் எங்கே தங்குவது என்று ஜெரூஷா கேட்டிருந்தாள். அவளும் பிள்ளைகளும் என்னோடு படுத்துக்கொள்ளட்டும், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். உனக்கு ஆலயத்துப் பின்பக்க அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன், நீ ஏலத்தில் எடுத்ததுதானே, காலியாகவே கிடக்கிறது. கதவைச் சரிபண்ணிப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். ராத்திரி வெளியே பூட்டிவிடுவார்கள், உள்ளே இருந்து தட்டினால் யாரும் வர மாட்டார்கள்.

உன் அம்மா,
ரத்தினபாய்