சோறு தொடாத ஆடி

ஜூன் 28, சனி
சுகர் 312. கண் டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'இருநூறுக்குக் கீழ இறக்கிட்டு வாங்கம்மா, அப்புறந்தான் புரை எடுக்க முடியும்' என்றார். புதன்கிழமை கெளுத்தி முள் தெரியாமல் உள்ளங்கையில் ஏறியது. கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மீன் அறுத்து விற்கிறவளுக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

போனில் வந்த ஒரு வீடியோவில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். சோறு, இட்லி, பழம், காய் எதுவும் வேண்டாமாம். மீன், கறி, முட்டை, நெய் மட்டும். இதெல்லாம் ஒரு பத்தியமா? லைட்ஹவுஸ் குப்பத்துக்காரிக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்! நாளை ஆரம்பம்.

ஜூலை 3
சுட்ட மடவை மீன் நான்கு, உப்பு மட்டும். மாலையில் நண்டு. பக்கத்து வீட்டில் சோறு வடித்தால் நான் கடற்கரைக்குப் போய்விடுகிறேன்.

ஜூலை 9
வீட்டுக்காரர் என் சட்டியை எட்டிப் பார்த்து, 'புளி இல்லாம, வெங்காயம் இல்லாம இன்னாடி கொழம்பு? பூனைக்கு வெச்ச மாதிரி கீது' என்றார். 'பூனைக்கு சுகர் வந்து நீ பாத்திருக்கியா?' என்றேன்.

ஜூலை 21, திங்கள்
228! சுகர் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். 'மாத்திரை நல்லா கேக்குது, விடாம போடுங்க' என்றார். சோற்றை விட்டதை நான் சொல்லவில்லை. எதற்குத் திட்டு வாங்க வேண்டும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்
அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. ஞாயிறு கூழ் வார்க்கும்வரை குப்பத்தில் யாரும் மீன், கறி தொடக் கூடாது, முட்டையும் கூடாது. நாத்தனார் இளவரசி கைதட்டிச் சிரித்தாள். 'இப்ப இன்னா பண்ணுவ அண்ணி? ஆத்தா உன்ன சோத்துக்கு இஸ்துகினு வந்துட்டா பாரு!'

எனக்கா வழி தெரியாது? மீஞ்சூர் போய்ப் பனீரும் நெய்யும் வாங்கி வந்தேன். மாட்டிலிருந்து வந்தாலும் ஆத்தாளுக்கு அது சைவம்தானே.

ஆகஸ்ட் 7
பனீர். மறுபடியும் பனீர். இதைக் காசு கொடுத்துத் தின்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8
காலையிலிருந்து தலை லேசாகச் சுற்றுகிறது. பசிதான். வேறென்ன?

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கூழ் அண்டா பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் தெரியும். குப்பென்று வேர்த்தது, காது அடைத்தது, மணலில் உட்கார்ந்துவிட்டேன். இளவரசி என்னைத் தாங்கிப் பிடித்துக் கேழ்வரகுக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். 'முழுங்கு அண்ணி, முழுங்கு!' அழுதுகொண்டே விட்டாள். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது.

கூழ் குடிக்க மாட்டேன் என்றவளை ஆத்தா குடிக்க வைத்துவிட்டாளாம். ஊரெல்லாம் இதே பேச்சு. பேசட்டும். எனக்குத் தெரியும் - மாத்திரை! சோத்த நிறுத்தினேன், சோத்துக்குக் குடுத்த மாத்திரைய நிறுத்தினேனா? காப்பு கட்டினதுலேர்ந்து அரை வயித்தோட ரெண்டு வேளையும் போட்டுக்கினே இருந்தேனே. என் புத்தி எங்க போச்சு?

ஆகஸ்ட் 11, திங்கள்
டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே கொறைச்சிருப்பேனே! ரோட்ல விழுந்திருந்தா?' அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். கிட்னிக்கும் டெஸ்ட் எழுதினார். ரிப்போர்ட் சரியாக இருந்தால் மீனைத் தொடரலாம், ஆனால் வாரா வாரம் வந்து காட்ட வேண்டும்.

இளவரசிக்கு இரண்டு பெரிய வஞ்சிரத் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்
164. கிட்னியும் சரி. நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்க்கச் சொன்னேன். 161. வியாழக்கிழமை ஆபரேஷன்!

செப்டம்பர் 6
இன்றுதான் எழுத அனுமதி. நோட்டைப் பிரித்ததும் திக்கென்றது. பழைய பக்கங்களில் ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அகலம். பக்கத்துக்கு ஏழு வரி. ஜூலை மாதத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரியே ஏறிக் கிடக்கிறது. அப்போதெல்லாம் கோடு பிசகாமல் எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு குருடாக இருந்திருக்கிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இன்றைக்கு எழுதிய அத்தனையும் பாதிப் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.