வெள்ளைப் பூ வந்த நாள்

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்ட கையால் எனக்குச் சோறு ஊட்டிய அம்மாச்சிக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. என் மகன் முருகன்தான் முன்னின்று எல்லாம் செய்தான். சின்னமனூரிலிருந்து பழைய பட்டாளத்துக்காரர்கள் மூன்று பேர் வந்து உன் படத்துக்கு சல்யூட் வைத்தார்கள். ஒரு பொம்பளைக்கு சல்யூட் அடிப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அதில் ஒருவருக்கு முதுகு கூனிப்போயிருந்தது. நீ இருந்திருந்தால் "நிமிந்து நில்லுய்யா" என்று அதட்டியிருப்பாய்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். சண்டைக் காலத்தில் அஸ்ஸாமிலிருந்து நீ அம்மாவுக்குப் போட்ட கார்டுகளைப் பிற்பாடு எடுத்துவைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கப் பழகினேன். ஆனால் உனக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. இதுதான் முதல். எழுதாமல் இருக்க முடியவில்லை, அம்மாச்சி.

அன்றைக்குப் பந்தியில் என் மாமியார் வள்ளி எல்லோரும் கேட்கச் சொன்னார். "இந்தா நிக்கிறானே முருகன், இவன் ஆத்தா போட்ட பிச்சை. அன்னைக்கு மட்டும் வெள்ளைப் பூ வரலைன்னா இவன் ஏது?" வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் குழம்பு வாளியோடு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூத்தவள் செல்விக்கு ஐந்து வயது. முருகன் கைக்குழந்தை. ஊரில் அம்மை குத்துகிறவர் வந்தபோது இரண்டு பிள்ளைகளையும் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தவள் நான்தான். ஆத்தாள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன். அடுத்த மாதமே செல்விக்கு உடம்பெல்லாம் முத்து போட்டுவிட்டது.

சேதி கேட்டதும் ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி மார்க்கையன்கோட்டைக்கு வந்து இறங்கினாய். சாமி கும்பிடாத நீ வேப்பிலையைப் பிய்த்து எறிந்துவிடுவாய் என்றுதான் மாமியார் பயந்தார். நீயோ இன்னும் இரண்டு கொப்பு ஒடித்து நிலையில் சொருகிவிட்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். என் வீட்டுக்காரரையே மறித்தாயே, நினைவிருக்கிறதா?

"களத்துலருந்து வாறீக. அங்கனயே நில்லுங்க மாப்ள. கஞ்சி அங்கன வரும்."

"என் வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதாக்கும்?"

"ஆத்தா தண்ணி வாங்கி, பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துற வரைக்கும் கூடாது. எங்க வார்டுலயும் இதே சட்டந்தேன். அங்க வேப்பிலைக்குப் பதிலா செவப்புத் துணி."

மாமியாருக்கு அன்று உன்மேல் வந்த மரியாதை ஒரு நாள்கூட நிற்கவில்லை. கைக்குழந்தைக்கு உடனே அம்மை குத்த வேண்டும், நாள் கடந்தால் பலிக்காது, ஆளை வரச் சொல்லியாயிற்று என்று மறுநாள் காலையில் நீ சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுல ஊசி ஏத்துவாகளா? உங்க பட்டாளத்துச் சட்டத்தை வாசலோட வச்சுக்கங்க பெரியம்மா. அவ கோவிச்சுக்கிட்டா ரெண்டையும் கொண்டுக்கிட்டுப் போயிருவா."

"கொண்டுக்கிட்டுப் போனதைப் பாத்தவதேன் பேசுறேன், வள்ளி."

பிறகு நீ என்னைப் பார்த்தாய். பெற்றவள் நான் சொல்ல வேண்டும். நான் மாமியாரைப் பார்த்தேன். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று மாமியார்தான் சொன்னார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. செல்வி உடம்பில்தானே ஆத்தாள் இருக்கிறாள், அவள் கையே எடுக்கட்டும் என்றார். நீ மறுக்கவில்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனேன். செவ்வரளியையும் பறிக்கத்தான் செய்தேன், அம்மாச்சி. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே முருகன் அழுதான். செவ்வரளியைச் செடி மூட்டில் போட்டுவிட்டு, இரண்டு வாழையிலைத் துண்டிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். ஆத்தாளை மறந்து செய்யவில்லை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் கட்டினேன்.

செல்வி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. மாமியார் விழுந்து கும்பிட்டார். எழுந்தவர், "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துருவமே" என்று கையை நீட்டினார். நீ சட்டென்று அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாய்.

"உத்தரவு வாங்கினப்புறம் அதைப் பிரிச்சா, ஆத்தாள நம்பலைன்னுல்ல ஆகும்? போ வள்ளி, தட்டுல சூடத்தை ஏத்து."

உனக்குத் தெரிந்திருந்ததா?

அன்று மத்தியானமே முருகனுக்கு அம்மை குத்தினார்கள். அவனுக்கு ஒரு முத்துக்கூடப் போடவில்லை. செல்வியும் பிழைத்துக்கொண்டாள். முகத்துத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "விடும்மா" என்றாள். இப்போது அவள் பிள்ளைக்கு ஊசி போடும் நாளை அவளே எண்ணி வைத்திருக்கிறாள்.

ஆனால் அடுத்த சித்திரையில், கோயில் வாசலே மிதிக்காத நீ வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச் சட்டி எடுத்தாய். அதற்கப்புறம் ஒரு வருஷமும் விடவில்லை. "பட்டாளத்தம்மாவுக்கும் சாமி வந்திருச்சா?" என்று ஊரார் சிரித்தார்கள். "டூட்டி தாயி, டூட்டி" என்று நடந்துகொண்டே சொன்னாய். என் பொய்யை நம்பித்தான் சாமி கும்பிட ஆரம்பித்தாய் என்று எண்ணி, நான் உன் முகத்தையே பார்க்கமாட்டேன்.

கடைசியாக எடுத்த வருஷம் உன் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. நீயே மருந்து போட்டுக் கட்டிக்கொண்டாய். இந்த வயசுல எதுக்கு அம்மாச்சி என்று கேட்டேன்.

"ஒருத்தி செஞ்சதுக்கு இன்னொருத்தி நிக்கணும்ல? வார்டுல அப்படித்தேன்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பந்தியன்று அடுப்படியில் வாளியோடு நின்றபோதுதான் உறைத்தது. யார் செய்ததற்காக இத்தனை வருஷம் நெருப்பைச் சுமந்தாய்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறக்கி வைத்திருப்பாயா?

ஊராருக்குத் தெரியும் முன்னால் இந்தக் கடிதத்தை மாமியாருக்கு நானே வாசித்துக் காட்டுவேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். வருகிற சித்திரையில் சட்டியை நான் எடுக்கிறேன். சன்னதியில் நின்று, "ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன், தாயே" என்று முருகன் காதில் விழும்படி சொல்வேன். இனி உன் கை ஆறட்டும், அம்மாச்சி.

உன் மகள் வயிற்றுப் பேத்தி,
முருகனைப் பெற்றவள்,
ராசாத்தி