நூறு ரூபாய் வெட்டு

உக்கடம், கோயமுத்தூர்
18-3-1938

அன்புள்ள மூர்த்திக்கு,

ஆண்டவன் கிருபையால் நானும் சாஜிதாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன், போகட்டும்.

நேற்றுப் பத்திரிகை பார்த்தேன். சட்டசபையில் தொழில் இலாகாவுக்கு ஒதுக்கிய பணத்தில் நூறு ரூபாயை வெட்ட வேண்டுமென்று கோயமுத்தூர் அங்கத்தினர் திருமூர்த்திக் கவுண்டர் தீர்மானம் கொண்டுவந்தாராம். நீதானே அது?

பிரசவ காலத்தில் மில் பெண்களுக்கு மில்காரர் பணம் கொடுக்க வேண்டுமென்று சட்டம் வந்து நாலு வருஷம். எங்கள் மில்லில் ஒருத்தி வாங்கியதில்லை. வயிறு தெரிந்ததும் ஆஜர் புத்தகத்தில் பேரை அடித்துவிடுகிறார்கள். வந்து பார்க்கச் சர்க்காரிடம் போதிய ஆளில்லை, ஆள் போடப் பணமில்லை. இதைச் சபையில் கேள் என்றுதான் பதினோரு பெண்களின் பேரையும் தேதியையும் எழுதி உனக்கு அனுப்பினேன். என் டைம் கீப்பர் வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்தேன். நீ இருக்கிற பணத்தையும் வெட்டச் சொல்கிறாயா?

நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை செய்கிற பூவாத்தாள் காலையில் என் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். "ஏனுங் பாய், உங்க சிநேகிதரு எங்க காசுல நூறு ரூவாய வெட்டோணும்னு சொல்லிப்போட்டாராமா? நெசமுங்களா?" என்றாள். உன் தேர்தலுக்கு வெயிலில் ஊர்வலம் வந்தவள் அவள். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்படிக்கு,
ஷேக் பரீத்


மயிலாப்பூர், சென்னை
22-3-1938

என் அருமைப் படித்த முட்டாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் சமையற்காரர் ஓடிவந்துவிட்டார். காலேஜில் கணக்கில் முதலாவதாக வந்தவன்தானே நீ?

இங்கே வழக்கம் அப்படி, பரீத். ஒரு இலாகாவைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால் "இதில் நூறு ரூபாயை வெட்டுங்கள்" என்று ஆரம்பிக்க வேண்டும். யாரும் நிஜமாக வெட்டப் போவதில்லை. அந்தியூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதில்லையா? அது மாதிரிதான். நூறு ரூபாய் என்பது துண்டு. உள்ளே நான் பேசியது உன் பெண்களைப் பற்றி. மில்களைப் பார்வையிட ஆள் போதாது, போட்ட சட்டம் காகிதத்தில் தூங்குகிறது என்று பன்னிரண்டு நிமிஷம் விளாசினேன். மந்திரி முகம் சிறுத்துப் போயிற்று.

பூவாத்தாளிடம் விளக்கிச் சொல். சாஜிதாவுக்கு என் அன்பு.

உன்,
மூர்த்தி


உக்கடம்
28-3-1938

அன்பு மூர்த்திக்கு,

என்னை மன்னித்துவிடு. பள்ளிக்கூடம் முதல் பழகிய உன்னைப் பத்திரிகையின் நாலு வரியை வைத்துச் சந்தேகித்தேனே, வெட்கமாக இருக்கிறது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சாஜிதாவும் குத்திக்காட்டினாள்.

மத்தியானச் சங்கு ஊதியதும் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெட்டுங்கன்னா குடுங்கன்னு அர்த்தமுங்களா? மெட்ராசுல பேசறதே தனிப் பாசையா இருக்குதுங்க!"

இதற்குமேல் ஒரு காரியம் செய்தாள், அதுதான் எனக்குச் சந்தோஷமும் பயமும். அவளுக்கு ஆறு மாதம். சேலையை இறுக்கிச் சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள். பணம் பெற இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டுமென்று சட்டம் கேட்கிற நாட்களெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. பிரசவ நோட்டீஸ் கொடுத்தால்தான் பணம், கொடுத்தால் வேலை போகும் என்று எல்லாரையும் போல வாயை மூடிக்கொண்டிருந்தாள். நேற்று வந்து கைநாட்டு வைத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். "சபையிலயே பேசியாச்சுங்களே, இனி எதுக்குங்க ஒளிச்சுக்கோணும்?" என்றாள். எங்கள் மில்லில் இதுதான் முதல் நோட்டீஸ்.

தீர்மானம் என்ன ஆயிற்று என்று எழுதவேயில்லையே? பெண்கள் தினமும் கேட்கிறார்கள்.

உன்,
பரீத்


உக்கடம்
9-5-1938

மூர்த்திக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்குப் பின் போட்ட இரண்டு கார்டுகளுக்கும் இல்லை.

நோட்டீஸ் கொடுத்த மூன்றாம் நாள் பூவாத்தாளைக் கேட்டுக்குள் விடவில்லை. மானேஜர் என் பக்கத்தில் நின்று, "ஒழுங்கீனம்னு எழுதிப் பேர அடிங்க" என்றார். அடித்தேன். முந்தின பதினோரு பேரையும் அடித்த கை இதுதான். இதை உனக்கு நான் சொன்னதேயில்லை. யாரோ அடிக்கிறார்கள் என்பது போலவே எழுதிவந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று வக்கீல் கோவிந்தராஜுலு வீட்டில் சபை நடவடிக்கைப் புத்தகம் கிடைத்தது. உன் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் ஒரே வரி: "தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது." பெண்களின் பேர் ஒன்றுகூட அதில் இல்லை.

இதுவும் வழக்கம்தானா?

பரீத்


பல்லடம்
14-5-1938

அன்புள்ள பரீத்துக்கு,

பல்லடத்திலிருந்து உக்கடத்துக்கு பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? வர முகமில்லாமல்தான் எழுதுகிறேன்.

வாபஸ் வாங்குவது வழக்கம்தான். மந்திரி "கவனிக்கிறோம்" என்பார், நாங்கள் வாபஸ் என்போம். அப்படிச் சொல்லித் தப்பிக்கலாமென்று பார்த்தேன். உன்னிடம் அது முடியவில்லை.

இந்தத் தடவை வாபஸ் வாங்காமல் ஓட்டுக்கு விடுவதென்றுதான் போனேன். முந்தின நாள் உங்கள் மில்காரர் என் ஜாகைக்கு வந்தார். அவர் பையனுக்கும் என் தங்கை மகள் சாந்தாமணிக்கும் வைகாசியில் கல்யாணம். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகூர்த்தம் பற்றியும் பந்தல் பற்றியும் பேசினார், காபி குடித்தார், போய்விட்டார். அவர் கேட்டிருந்தாலாவது மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமலே கொடுத்துவிட்டேன். மந்திரி வாக்கியத்தை முடிக்கும் முன்பே எழுந்து நின்று வாபஸ் என்றேன். பேர்கள் எழுதிய காகிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இந்த இரண்டு மாதமாகக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வதே கஷ்டமாக இருக்கிறது. பூவாத்தாளுக்கு இருபத்தைந்து ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் அனுப்பியிருக்கிறேன். நீ வராவிட்டால் எனக்கு அது கல்யாணமில்லை.

உன்,
மூர்த்தி


உக்கடம், கோயமுத்தூர்
2-6-1938

மகாராஜராஜஸ்ரீ சட்டசபை அங்கத்தினர் திருமூர்த்திக் கவுண்டர் அவர்கள் சமூகத்துக்கு, ஷேக் பரீத் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் அனுப்பிய மணியார்டரைப் பூவாத்தாள் வாங்கவில்லை. "சட்டத்துல எனக்குன்னு இருக்கறத எதுக்குங்க அவரு தம்பட சொந்த மடியில இருந்து அவுத்துக் குடுக்கறாரு? அப்பறம் அது தருமமாயிப்போயிருமுங்களே" என்றாள். சோமனூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். இது ஒன்பதாம் மாதம்.

பன்னிரண்டு பேர்களையும் மானேஜர் சொல்லி என் கையால் அடித்தேன் என்று, மில்களைப் பார்வையிடும் சர்க்கார் இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே வேலை போயிற்று. "பேரடிச்ச கையாலதான் இத்தனை நாளும் எனக்குச் சம்பாதிச்சுப் போட்டீங்களா?" என்று சாஜிதா கேட்டாள்.

கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மணமக்கள் நீடூழி வாழட்டும். வர இயலாது.

விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் அதே நூறு ரூபாயைத் தாங்கள் மறுபடி வெட்டச் சொல்ல வேண்டும். வாபஸ் வாங்காமல் ஓட்டுக்கு விட வேண்டும். தோற்பதானால் கை எண்ணித் தோற்கட்டும். எத்தனை கைகள் உயர்ந்தன என்று பூவாத்தாளிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு எண் வேண்டும். குறைந்தது ஒரு கையாவது இருக்கும் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் தொகுதிவாசி,
ஷேக் பரீத்